கோப்பிக்கு முன்னால் ஒரு வாய்

ஸ்கூடாய்
4.2.2024

அன்புள்ள தம்பி ரேமண்டுக்கு,

ஆண்டவர் துணை. நீ நலமா? நான் நலம். இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று தமிழ்ப்பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். தொடங்கிவிட்டேன்.

போன வாரம் உன்னைப் பார்க்க வந்தேன். உங்கள் மறுவாழ்வு மையத்தின் வாசலில் சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஓர் அதிகாரி உள்ளே போய்த் திரும்பி வந்து, "அவன் வரமாட்டேங்கிறான்மா. எனக்கு அக்காவே கிடையாதுன்னு சொல்றான்" என்றார். பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் நானே சாப்பிட்டேன்.

ஆமாம், உன்னைப் பிடித்துக் கொடுத்தது நான்தான். இன்னொரு தடவை நீ அப்படி ஆனாலும் பிடித்துக் கொடுப்பேன். லோரியில் சரக்கு ஏற்றி இறக்கப் போன உனக்கு, தூக்கம் வராமல் வேலை செய்ய அந்தப் போதைச் சாமானைப் பழக்கிவிட்ட உன் முதலாளித் தவுக்கே இன்னும் புதுக் காரில் சுற்றுகிறான். அவனைப் பிடிக்க யாருக்குப் போன் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைப் பிடிக்கத் தெரிந்தது.

கோப்பியைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ போன பிறகு உன் நாய் என் அறையில் கொஞ்ச நாள், நான் சாப்பிட்டு மிஞ்சியதைத் தின்றுகொண்டு இருந்தது. வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, "நாய் போகுமா, நீ போறியா?" என்று கேட்டார். இந்த அறைக்காக எத்தனை பேருக்குப் போன் செய்தேன், எத்தனை பேர் 'இந்தியரா?' என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்கள் என்று உனக்குத் தெரியும். அதனால் கோப்பியை விலங்குக் காப்பகத்தில் விட்டேன். எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால், பர்னிச்சர் ஃபேக்டரி பக்கம் இருக்கிறது. நடத்துபவர் மேடம் கோ. நல்ல மனுஷி, ஆனால் கறார். நாயை விடுகிறவர் அதன் மேலுள்ள உரிமையையும் விட்டுவிட வேண்டும். நல்ல வீடு அமைந்தால் அங்கே கொடுத்துவிடுவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இப்போது பிரச்சினை வேறு. அது சாப்பிட மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூண்டு கழுவப் போகிறேன். சோறு, கோழி, டின் உணவு, எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தட்டில் வைத்தாலும் அப்படியே. பக்கத்துக் கூண்டு நாய் தின்று, கம்பிக்கு அடியில் சிந்தியதை மட்டும் நக்குகிறது. நீ அதற்கு என்னதான் போட்டாய்? உடனே எழுது.

உன் அக்கா,
ஃபெலிசியா


19.2.2024

அக்காவுக்கு,

"மீன் தலைக் கறி வச்சிருக்கேன், வாடா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்று போன் செய்தாய். வந்தேன். கை குழம்பில் இருக்கும்போதே கதவைத் தட்டினார்கள். கைகழுவக்கூட விடவில்லை. இங்கே வந்த பிறகும் விரலில் மஞ்சள் போகவில்லை. கோப்பி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். உன் கையால் அவள் ஏன் சாப்பிட வேண்டும்?

அவளுக்குக் காத்திருக்கத் தெரியும். செப்டம்பரில் வந்துவிடுவேன். அதுவரை யாருக்கும் கொடுக்காதே. கையெழுத்து உன்னுடையது. நாய் என்னுடையது.

ரேமண்ட்


ஸ்கூடாய்
10.3.2024

அன்புள்ள ரேமண்டுக்கு,

நீ கொடுக்காதே என்றாய். அவர்கள் கொடுத்துவிட்டார்கள். கோபப்படுவதற்கு முன் முழுதும் படி.

புதுக் கொண்டோ அடுக்குமாடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பிள்ளைகளுக்குக் கோப்பியின் காதுகள் பிடித்துவிட்டன. மேடம் கோ வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுச் சரி என்றார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, காரின் பின்பக்கத்தில் போட்டுக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அந்த அம்மா, "இது எங்க வீட்ல செத்துப்போனா பிள்ளைங்க பயந்துக்கும்" என்று சொன்னாராம். நாய்க்கு வாங்கிய மெத்தையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

விலங்கு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை. முன்காலில் ஊசி குத்தி நீர் ஏற்றுகிறார்கள். விலா எலும்பு எண்ணிவிடலாம் போலத் தெரிகிறது. தவக்காலம் என்பதால் நான் வெள்ளிக்கிழமைகளில் கறி சாப்பிடுவதில்லை. உன் நாய் என்னைவிடப் பெரிய விரதம் இருக்கிறது.

மேடம் கோ நேற்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஃபெலிசியா, இந்த நாய் மனசு விட்டுடுச்சு லா. கஷ்டப்படுத்தி வச்சிருக்கிறது பாவம்" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயம்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். 'அவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.' என்னடா அர்த்தம்? நீ எதையோ தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறாய். என்மேல் உள்ள கோபத்தை என்னிடம் காட்டு. அந்த வாயில்லாத ஜீவன் உன்னைப் போதைப்பொருள் இலாகாவில் பிடித்துக் கொடுக்கவில்லை.

ஃபெலிசியா


17.3.2024

அக்காவுக்கு,

நீ சிங்கப்பூரில் வேலை பார்த்த வருஷம், காஹாங்கில் நம் எஸ்டேட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. அப்பா சொல்லியிருக்க மாட்டார். செம்பனை நடப் புதுக் கம்பெனி வந்ததும், தொழிலாளர் லைன் வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். யாரும் போகவில்லை. ஒரு நாள் காலையில் வடிகால் ஓரம் முழுக்கக் கோழிக்குடல் கிடந்தது. மத்தியானத்துக்குள் லைனில் ஒரு நாய் மிச்சமில்லை. யார் போட்டது என்று கேட்கப் போன அப்பாவிடம், "நாய்தானே?" என்று கங்காணி மண்டோர் சிரித்தான். அடுத்த மாதம் நாங்களும் காலி செய்தோம்.

கோப்பி அப்போது கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. செத்த தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்தாள். தூக்கிக்கொண்டு வந்தேன்.

அவள் வளர்ந்ததும் பழக்கினேன். கீழே கிடப்பதைத் தொடக்கூடாது. தட்டில் இருப்பதையும் தொடக்கூடாது. யார் கொடுத்தாலும், கொடுக்கிறவர் முதலில் அதிலிருந்து ஒரு வாய் கடித்து, மென்று, விழுங்க வேண்டும். அதை அவள் பார்க்க வேண்டும். பிறகுதான் சாப்பிடுவாள். பக்கத்துக் கூண்டு நாய் தின்று சிந்தியதை நக்கியதும் அதனால்தான். அவ்வளவுதான் விஷயம்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யார் வேண்டுமானாலும் அவளுக்குச் சோறு போடலாம். யார் வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

சீக்கிரம் போ.

ரேமண்ட்


ஸ்கூடாய்
30.3.2024

ரேமண்ட்,

இன்னும் உன் பதில் வரவில்லை. கோபமா, கிடைக்கவில்லையா, உடம்பு சரியில்லையா? மையத்துக்குப் போன் செய்தேன். ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் வேறொருவரிடம் கொடுத்தார். அப்புறம் பாட்டுப் போட்டார்கள். கட்டாகிவிட்டது.

கோப்பி எழுந்து நிற்பதில்லை. வாலை மட்டும் ஒரு தடவை அசைத்தது, அதுவும் எனக்கா ஈக்கா என்று தெரியவில்லை. மேடம் கோவிடம் கெஞ்சி, கடைசி ஊசியைப் போடாமல் ஈஸ்டர் கழியும்வரை தவணை வாங்கியிருக்கிறேன். நாளை ஈஸ்டர். கோவிலில் எதற்காக வேண்டிக்கொள்வது என்று சொல். உனக்கா, நாய்க்கா? இரண்டுக்கும் சேர்த்து ஒரே மெழுகுவர்த்திதான் ஏற்றப்போகிறேன்.

எதுவாக இருந்தாலும் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


ஸ்கூடாய்
14.4.2024

அன்புள்ள ரேமண்ட்,

சாப்பிட்டாள்.

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. ஈஸ்டர் கழிந்தும் மேடம் கோ தவணையை ஒவ்வொரு நாளாக நீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே தமிழ்க் கடிதங்களைப் படித்துப் பார்க்க ஒரே ஓர் அதிகாரிதானாம், அவர் நீண்ட லீவில் போயிருந்தாராம். இத்தனை தமிழ்ப் பையன்களை உள்ளே வைத்திருக்கத் தெரிகிறது, தமிழ் படிக்க இரண்டாவது ஆளை வைக்கத் தெரியவில்லை. இதையும் அவர்தான் படிப்பார். ஐயா, உங்கள்மேல் கோபமில்லை. லீவு உங்கள் உரிமை.

வாசலில் நின்றே படித்துவிட்டு, செருப்பை மாற்றாமல் காப்பகத்துக்கு ஓடினேன். கையில் வேறு ஒன்றும் இல்லை, வாளியில் நாய் பிஸ்கட்தான் இருந்தது. கோப்பியின் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒன்றை எடுத்துக் கடித்தேன். அட்டைப் பெட்டியை மீன் சந்தையில் ஊறவைத்த மாதிரி ருசி. மென்றேன். விழுங்கினேன். பாதியை நீட்டினேன். தலையைத் தூக்கி என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக மூக்கை நீட்டி எடுத்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து மேடம் கோ, "அலமாக்! ஃபெலிசியா, உனக்குப் பைத்தியமா?" என்று கத்தினார். விஷயத்தைச் சொன்னேன். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாவது பிஸ்கட்டை அவரே கடித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இவ்வளவு விலை வாங்குறான், உப்பே போடல" என்றார்.

இப்போது உதவிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள்வரை எல்லோரும் கடித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். பிஸ்கட்டை விட்டுச் சோறும் முட்டையுமாக மாற்றிவிட்டோம், எங்கள் பல்லுக்காக.

நீ அதைச் சொன்னதற்கு என்ன விலை கொடுத்தாய் என்று எனக்குத் தெரிகிறது. தெரியாத மாதிரி எழுத முடியவில்லை.

அக்கா


ஸ்கூடாய்
2.6.2024

அன்புள்ள ரேமண்டுக்கு,

'நல்லது' என்று ஒரே வார்த்தையில் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அதையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன்.

இந்தக் கடிதத்தை நாலு நாளாகத் தள்ளிப்போட்டேன். கோப்பியை ஒருவர் கேட்கிறார்.

பெயர் யோகேஸ்வரி. தங்காக்கில் ஒரு துணிக்கடையில் சேலை விற்கிறார். மகள் இங்கே படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை காப்பகத்துக்கு வருவாள். மகளைப் பார்க்க வந்தவர், கறிப்பாப் பலகாரம் ஒன்றைக் கடித்துக்கொண்டே கூண்டுகளைப் பார்த்து நடந்தார். கோப்பி முன்னால் நின்று, "என்ன பார்க்கிற? பசியாறலையா?" என்று கேட்டுவிட்டு, கடித்த கறிப்பாப்பை அப்படியே கம்பி வழியாக நீட்டினார். வாங்கிக்கொண்டாள். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. சாப்பிடுவதில் பாதியைக் கொடுக்கிற பழக்கம், அவ்வளவுதான்.

மேடம் கோ வீட்டைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். காரில் அவர் தயங்கித் தயங்கி, "உங்க ஆளுங்க நாயைச் சங்கிலியில கட்டிப்போடுவாங்களே..." என்றார். "கொண்டோ ஆளுங்க கட்டிப்போடல மேடம், திருப்பிக் கொண்டாந்து போட்டாங்க" என்றேன். அப்புறம் தங்காக்வரை ரேடியோதான் பேசியது. கிராமத்துப் பக்கக் கம்பத்து வீடு. வேலி இருக்கிறது, மாமரம் இருக்கிறது, சங்கிலி இல்லை. கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், நாள் முழுக்க வீட்டில்தான். மேடம் கோ தண்ணீர்க் குழாயைக்கூடத் திறந்து பார்த்தார்.

நாய்க்கு இவ்வளவு சோதனை. உனக்காக வீடு தேடி நானும் போன் செய்துகொண்டுதான் இருக்கிறேன். என் அறையில் இரண்டு பேர் கூடாது. "தம்பி இப்ப எங்க இருக்கான்?" என்று கேட்கிறார்கள், எனக்குப் பொய் வருவதில்லை. வேலியையும் குழாயையும் யாரும் பார்க்க வரவில்லை.

சட்டப்படி உன்னைக் கேட்க வேண்டியதில்லை. கையெழுத்து என்னுடையது. ஆனால் நாய் உன்னுடையது என்று மேடம் கோவிடம் சொன்னேன். உன் பதில் வரும்வரை கூண்டைத் திறக்க மாட்டேன் என்றார். முதல் தடவையாக அவர் ஒரு விதியை மீறுகிறார். வேண்டாம் என்று நீ எழுதினால், எப்படியாவது செப்டம்பர்வரை இழுத்துப் பார்க்கிறேன். ஆனால் உன்னைக் கூட்டிப்போக எனக்கு ஒரு கதவு கிடைக்குமா என்றே தெரியாதபோது, நாயோடு உன்னை எந்தக் கதவில் நிறுத்துவது?

சொல்லுடா.

அக்கா


16.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கொடுத்துவிடு.

முதலில் இன்னொன்று எழுதினேன், கிழித்துவிட்டேன். அதில் உன்னைத் திட்டியிருந்தேன். திட்டி முடித்த பிறகும் பதில் இதேதான் வந்தது.

லோரியில் வடக்கே கெடாவரை போய், மூன்று நாள் கழித்துத் திரும்பி வருவேன். தட்டில் வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே காய்ந்து கிடக்கும். நான் வந்து ஒரு வாய் வைத்த பிறகுதான் வேறு ஒன்றைத் தின்பாள். என்மேல் எவ்வளவு பாசம் என்று டிரைவரிடம் பெருமை பேசுவேன். இங்கே பட்டியலில் பெயர் வரும்வரை தட்டோடு வரிசையில் நிற்கும்போதுதான் புரிந்தது. அது பசி, அக்கா.

யோகேஸ்வரி அம்மாவிடம் சில விஷயம் சொல். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், இழுக்க வேண்டாம். இடது காதில் தொட்டால் பிடிக்காது. வேலிக்கு வெளியே யார் கறி போட்டாலும் தொட மாட்டாள், அந்தப் பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டாம். அந்த அம்மா ஊருக்குப் போகும்போது அவர் கணவர் கடித்துக் கொடுக்கப் பழகட்டும், மகளும் பழகட்டும். ஒரே ஆளை நம்பி இருக்க வேண்டாம்.

நான் தங்காக் போகமாட்டேன். என்னைப் பார்த்தால் மறுபடி காத்திருக்கத் தொடங்கிவிடுவாள்.

வீடு கிடைக்காவிட்டால் மேடம் கோவிடம் கேட்டுப் பார், ஒரு கூண்டு காலியாகிறதே. பிஸ்கட்டுக்கு உப்பு நான் கொண்டு வருகிறேன்.

செப்டம்பரில் என்னை வெளியே விடுகிற அன்றைக்கு வாசலுக்கு வா. பொட்டலத்தை உள்ளே விடமாட்டார்கள், அதனால் வெளியே, ரோட்டு ஓரம் நின்றே சாப்பிட்டுக்கொள்கிறேன். மீன் தலைக் கறி வை. புளி கொஞ்சம் குறைவாக.

எனக்கு நீ முதலில் கடித்துக் காட்ட வேண்டாம்.

உன் தம்பி,
ரேமண்ட்