படிவத்தின் பின்பக்கம்

தாணே,
24 செப்டம்பர் 1984, திங்கட்கிழமை

அன்புள்ள தினா அக்காவுக்கும் ஹெஸ்கேல் அத்தானுக்கும்,

தங்கை ஷோஷன்னா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தானுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை மாறிவிட்டதா?

நீ பஸ்கா பண்டிகைக்கு முன்பு போட்ட கடிதத்துக்கு ஐந்து மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். வீட்டு வேலை, மழை, யெமிமாவுக்கு அம்மை என்று சாக்குச் சொல்லலாம். அம்மை வந்தது உண்மைதான், ஆனால் பத்தே நாளில் இறங்கிவிட்டது. உனக்கு எழுதப் பதில் இல்லாமல்தான் எழுதவில்லை. பேனாவை எடுப்பேன், உன் கடிதத்தில் "ஜன்னலோரமாக ஒரு கட்டில் வாங்கிப் போட்டுவிட்டேன், பெட்ஷீட்டுக்கு யெமிமா என்ன கலர் கேட்பாள்" என்ற வரி வரும், பேனாவை மூடிவிடுவேன்.

நீ கேட்டது நியாயமான கேள்விதான். "எட்டு வயசாச்சு, குழந்தைக்கு ஒரு எபிரேய எழுத்து தெரியாது. அங்கே இருந்துகொண்டு அவளை என்னவாக வளர்க்கப் போறே? இஸ்ரேல்ல குடியேறுறதுக்கான இந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பு, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று எழுதியிருந்தாய். நானும் ரஹமீமும் இரண்டு நாள் பேசினோம். நம் யூதப் புத்தாண்டு வரை பார்ப்பது, அதற்குள் அவள் ஒரு வரியாவது படித்துவிட்டால் இருப்பது, இல்லாவிட்டால் படிவத்தை நிரப்புவது என்று முடிவு செய்தோம். எங்கள் மூவரின் பெயரை மட்டும் எழுதி, பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன். புதன்கிழமை மாலை புத்தாண்டு பிறக்கிறது. அதனால் இனிமேலும் தள்ளிப்போட முடியாது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். பஸ்கா முடிந்த கையோடு எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வாத்தியாரும் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். எங்கே என்கிறாய்? உங்கள் அஷ்தோத்துக்குத்தான்! என் பிள்ளை படிக்கவில்லை என்று நீ கடிதம் எழுதுகிறாய், சொல்லித்தருகிற ஒருவரையும் உங்கள் ஊர் கூட்டிக்கொண்டு போகிறது. கடைத்தெருவில் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அதோடு நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஜெபஆலயத்தில் கூட்டம் போட்டார்கள். பம்பாயிலிருந்து ஆள் வரவழைக்கலாம், அமெரிக்காவுக்கு எழுதிப் பார்க்கலாம் என்று ஆண்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஏரூஷாவை உனக்கு நினைவிருக்கும், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல். அவள் மாடியில் பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "வாத்தியார் வர்ற வரைக்கும் பிள்ளைங்களை என்ன ஊறுகாயா போட்டு வெப்பீங்க? பெத்தவங்க நாமதானே, நாமே சொல்லிக் குடுப்போம்" என்றாள். யாரோ கீழேயிருந்து, "நமக்கே தெரியாதேம்மா" என்றார்கள். "தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியாததைப் பக்கத்துல உக்காந்து கத்துக்குங்க. பிள்ளையை கேட்ல இறக்கிவிட்டுட்டு மார்க்கெட்டுக்குப் போற கதை இனிமே கிடையாது" என்றாள். அவள் தன் மகனுக்காக அந்த வாத்தியார் வகுப்பு வாசல்படியில் மூன்று வருஷம் காத்திருந்து, காதில் விழுந்ததை வைத்தே எழுத்துக் கற்றவள்.

இப்படித்தான் ஜூன் மாதம் ஆரம்பமானது. பதினோரு பிள்ளைகள். எழுத்துச் சொல்லித்தருவது ஏரூஷா. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஒரு குடும்பம் தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லித்தர வேண்டும். பெற்றவர்களில் ஒருவராவது பிள்ளைக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தே ஆக வேண்டும். முதல் வாரம் ரஹமீம் போனார். பஸ் டிப்போவில் இரவு ஷிப்ட் முடித்து நேராகப் போனவர், சுவரில் சாய்ந்து குறட்டை விட்டுவிட்டார். ஏரூஷா பிள்ளைகளிடம், "இதோ பாருங்க, ஓய்வுநாள்னா எப்படி இருக்கணும்னு மாமா ஞாயித்துக்கிழமையே செஞ்சு காட்டறார்" என்றாளாம். அதிலிருந்து நான்தான் போகிறேன்.

யெமிமாவுக்கு வகுப்பு பிடிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றும் போதாதா என்பாள். மராத்திப் பழக்கத்தில் இடப்பக்கமிருந்து படிக்க ஆரம்பிப்பாள், மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள், உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தென்னைமரத்து அணிலை எண்ணுவாள்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். விளக்கேற்றும் நேரம். அவளுக்கு ஆசை வரட்டுமே என்று, வழக்கமாக நான் பார்த்துச் சொல்கிற மராத்தி எழுத்தில் அச்சான ஜெபப் புத்தகத்தை வைத்துவிட்டு, மாமனாரின் எபிரேய ஜெபப் புத்தகத்தை எடுத்து விரித்துக்கொண்டேன். விளக்குத் துதி நாம் சின்ன வயதிலிருந்து காதால் கேட்டதுதானே, புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே மனப்பாடமாகச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை சும்மா இருந்தாள். பிறகு, "அம்மா, நீ காமிச்ச பக்கத்துல அது இல்லையே. விளக்குப் பக்கம் இன்னும் முன்னாடி இருக்குன்னு ஏரூஷா ஆன்ட்டி காட்டினாங்க" என்றாள். ரஹமீம் கூரையைப் பார்த்தார். "உனக்கே படிக்கத் தெரியாது, எனக்கு மட்டும் எதுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கைகழுவப் போய்விட்டாள்.

அக்கா, நான் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவள். நூற்றுச் சொச்சம் தனிமங்களை எடையோடு ஒப்பித்தவளுக்கு இருபத்திரண்டு எழுத்துத் தெரியவில்லை. அன்று எலியா தீர்க்கதரிசியிடம் வேண்டிக்கொண்டேன், இந்தப் பிள்ளை ஒரு வரி படித்தால் அவர் பேரில் மலிதாத் தட்டு வைக்கிறேன் என்று. மறுநாள் சபாத், ஓய்வுநாள். ஞாயிறு காலையில் முதல் வேலையாகப் படிவத்தையும் எடுத்துப் பார்த்தேன்.

ஆகஸ்டில் ஏரூஷா ஒருநாள் சாப்பாட்டுத் துதிகளைச் சொல்லித்தந்தாள். இறைவன் பேரைச் சொல்லித் துதி சொன்னால் வாயில் போடும்வரை மூச்சுவிடக் கூடாது, நடுவில் பேசினால் சொன்னது வீணாகிவிடும், அவர் பேரை வீணாக்கக் கூடாது என்றாள். நான் யெமிமாவைப் பார்த்தேன். அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் இரண்டாம் தேதி எங்கள் முறை. எனக்கு என்ன தெரியும், சொல்லித்தர? கடைசியில், வெள்ளிக்கிழமைக்கு நாம் வைக்கிற திராட்சைச் சர்பத்தைச் சொல்லித்தருவது என்று முடிவு செய்தேன். அது ஒன்றாவது எனக்கு நன்றாக வரும். கறுப்பு உலர்திராட்சையை முந்தின நாளே ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, பிளாஸ்கில் எடுத்துப் போனேன். பதினோரு பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், எல்லோர் கண்ணும் என் மேல். டம்ளரில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு, திராட்சைக் கனியின் துதியைத் தடுமாறாமல் முழுதாகச் சொன்னேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். அப்பாடா என்று டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, இனி விளக்கம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அம்மா பேசாத! குடி! குடி மொதல்ல!"

ஜன்னலோரத்திலிருந்து யெமிமா. எழுந்து நின்று, விரலை டம்ளரை நோக்கி நீட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து கத்துகிறாள். "பேசினா வீணாப் போயிடும்மா!" நான் பதறிப்போய் டம்ளரை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தேன். பாதி புடவையில், பாதி மூக்கில். இருமல் வந்து கண்ணில் நீர் முட்டிவிட்டது. கூடம் முழுக்கச் சிரிப்பு. ஏரூஷா மட்டும் சிரிக்காமல் என் முதுகைத் தட்டி, "சாமி பேரைக் காப்பாத்திட்டா உன் பொண்ணு. நீ என்னடி, டிகிரி வாங்கினவ, பாடம் நடத்தற அவசரத்துல குடிக்கவே மறந்துட்டே?" என்றாள்.

நான் தவறு செய்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் என்றால் நம்புவாயா? அணிலை எண்ணிக்கொண்டிருந்தவள் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. அதுவும் மனப்பாடமாக இல்லை, மனசிலேயே விழுந்திருக்கிறது. அம்மா சொன்னது வீணாகிவிடக் கூடாதே என்ற பயம் அந்த முகத்தில் இருந்தது. மிச்சத்தை அவளே ஊற்றினாள். ஒவ்வொரு பிள்ளையும் துதி சொன்னதும் தன் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள், டிக்கெட் பரிசோதகர் மாதிரி.

வீட்டுக்கு நடந்து வரும்போது மெதுவாகக் கேட்டாள். "அம்மா, உனக்கு எழுத்து நிஜமாவே தெரியாதுதானே?" தெரியாது என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு முப்பத்தோரு வயது ஆகியிருக்கிறது. "நான் சொல்லித் தரேன். கிளாஸ்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீ வீட்டுப்பாடம் ஒழுங்கா செய்யணும்" என்றாள்.

இந்த மூன்று வாரமாக நான் அவளுடைய மாணவி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சமையலறையில் வகுப்பு. ரஹமீம் டிப்போவில் மேலாளரிடம் கேட்டுக் கழிவுத் தகரம் வாங்கி வந்து அதில் இருபத்திரண்டு எழுத்தையும் பெயின்டால் எழுதிக் கொடுத்தார். மூன்றை இடவலம் மாற்றி எழுதிவிட்டார். யெமிமா அவற்றைத் தனியாக எடுத்துவைத்து, "அப்பா, இது உங்க பஸ் கண்ணாடியில பாக்கறதுக்கு" என்றாள். எனக்குச் சொல்லித்தருவதற்காக முந்தின நாள் அவள் உட்கார்ந்து படிக்கிறாள். ஏரூஷாவிடம் சந்தேகம் கேட்கிறாள். நான் தப்புச் சொன்னால், நான் அவளைத் திட்டுகிற அதே குரலில் என்னைத் திட்டுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றிய பிறகு மாமனாரின் புத்தகத்தைத் திறந்தோம், சரியான பக்கத்தில். சர்பத்துக்கு முன்னால் வருகிற வசனங்களை அவள் வலப்பக்கமிருந்து விரல் வைத்துப் படித்தாள். அவளுக்கு எழுத்து தெரிகிறது, எனக்கு ஓசை தெரியும். அவள் தடுக்கிய இடத்தில் நான் எடுத்துக் கொடுத்தேன், நான் வேகமாக ஓடிய இடத்தில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தி, "எங்க இருக்கு, காட்டு" என்றாள். கால்மணி நேரம் ஆயிற்று. மீன்குழம்பு ஆறிப்போயிற்று. ரஹமீம் டம்ளரைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். குடித்து முடித்த பிறகுதான், "கை மரத்துப் போச்சு, ஆனா பேசக் கூடாதுல்ல" என்றார்.

கவலையே இல்லை என்று சொல்ல மாட்டேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியும். அடுத்த வருஷம் இரண்டு குடும்பங்கள் கிளம்புகின்றன, பதினொன்று எட்டாகும். யெமிமா பெரியவளாகும்போது பக்கத்துப் பாயில் யார் இருப்பார்கள் என்று நினைப்பு வரும். வரட்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பாயைத் தட்டி விரிக்கிற வேலை இருக்கிறது.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். நேற்று பண்டிகைக்குப் புடவை எடுக்கப் பீரோவைத் திறந்தால் அதைக் காணோம். தேடினால் யெமிமாவின் பையில் இருக்கிறது. நல்ல வழவழப்பான தாள் என்று எடுத்திருக்கிறாள். பின்பக்கம் முழுக்க எபிரேய எழுத்து, வலமிருந்து இடமாக, வரிவரியாக. கையை ஓங்கிவிட்டேன். "பின்னாடி சும்மாதானேம்மா இருந்துச்சு?" என்றாள். ஓங்கிய கையால் தாளை வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியில் அவளுடைய பெயர், அதற்குக் கீழே என்னுடையது, அப்பாவுடையது, பிறகு உன்னுடையது, அத்தானுடையது. அவளே எழுத்துக் கூட்டியிருக்கிறாள். ரஹமீம் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேற படிவம் வேணும்னா பம்பாய் ஆபீஸ்ல கேட்டா தருவாங்க" என்றார். கேட்கப் போவதாக அவரும் சொல்லவில்லை, நானும் போகச் சொல்லவில்லை.

அந்தத் தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். நீ அனுப்பியது உன்னிடமே வருகிறது. முன்பக்கத்தைப் பார்க்காதே அக்கா, பின்பக்கத்தைப் பார். உன் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தால் எழுது, ஆசிரியரிடம் சொல்கிறேன்.

கூடாரப் பண்டிகை முடிந்ததும் மலிதா வைக்கிறேன். அவல், தேங்காய், வெல்லம், ஐந்து பழம், எல்லாம் அம்மா வைக்கிற மாதிரியே. தட்டைச் சுற்றி உட்காரும்போது உனக்கும் அத்தானுக்கும் இடம் விட்டு வைப்பேன். வர முடியுமா என்று பார். வெள்ளிக்கிழமைகளில் நீ விளக்கேற்றும் நேரத்தில் இங்கே எங்கள் விளக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிந்திருக்கும். இனிமேல் அதில் ஒரு திரி உன் பெயரில்.

இறைவன் இந்தப் புத்தாண்டில் உன் பெயரையும் அத்தான் பெயரையும் நல்ல ஏட்டில் எழுதட்டும். உன் முழங்கால் தேறட்டும், உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும். யெமிமாவிடம் கேட்டேன், பெட்ஷீட் நீலக் கலராம். பள்ளி விடுமுறையில் என்றாவது ஒரு கோடையில் வருவாள், உன் ஊர்ப் பலகைகளை எல்லாம் உனக்குப் படித்துக் காட்டுவாள். அதுவரை அந்தக் கட்டிலை எடுத்துவிடாதே அக்கா.

என்றும் உன் அன்புத் தங்கை,
ஷோஷன்னா