சண்முகையா மாமாவின் சாட்சி

சந்தேகப் பிராணி என்று எனக்குப் பேர் வைத்த என் அப்பாவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை சண்முகையா மாமா கடைக்கு வந்தார். நான் தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை போட்டது உங்கள் காலத்துக்குப் பிறகுதான், அதனால் சொல்கிறேன். கரிவலத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். ஆள் பாதியாகிவிட்டார், கண் இரண்டும் மஞ்சள். நான் வாங்க என்று கூடச் சொல்லவில்லை.

"தாயி, ஒங்கப்பா ஃபைலு ஒங்கிட்டதான இருக்கு? நாலு நாளைக்குத் தா. எனக்கும் மெடிக்கல் போர்டு வச்சிருக்கானுவ."

"இங்க இல்ல மாமா. எங்க கெடக்கோ" என்றேன். என் மேசைக்குக் கீழேதான் இருந்தது. என் கால் அதில் இடித்துக்கொண்டிருந்தது.

உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். ஆனால் சோழியன் குடுமி சும்மா ஆடுமா அப்பா? உங்கள் சாவுக்கு வந்தபோது அவருக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கவில்லை நான். ஏன் என்று நீங்கள் என்னிடம் கேட்க முடியாது. அந்தக் கோபத்தை எனக்குக் கொடுத்ததே நீங்கள்தான்.

சண்டை நடந்த அந்த வருஷம் நீங்கள் இரண்டு பேரும் பட்டாளத்தில் ஒரே வெடிமருந்துக் கிடங்கில் இருந்தீர்கள். போர்முனையிலிருந்து திரும்பி வந்த பழுதான குண்டுகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் மஞ்சள் மருந்தை நீராவியில் உருக்கி எடுத்து, மிச்சத்தைக் குழியில் போட்டு எரித்தீர்கள். மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு கைலேஞ்சித் துணி, அவ்வளவுதான் காப்பு. லீவில் வந்தபோது உங்கள் உள்ளங்கை மஞ்சளாக இருந்ததைப் பார்த்து, மஞ்சக்காமாலை என்று அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். சோப்புப் போட்டாலும் போகாத மஞ்சள் அது. தலைமுடியின் முன்பக்கம் செம்பட்டை ஆனதை நான் அழகு என்று நினைத்தேன்.

பன்னிரண்டு வருஷத்தில் பட்டாளத்தை விட்டு வந்துவிட்டீர்கள். பதினைந்து முடிக்காததால் பென்ஷன் இல்லை, ராணுவ ஆஸ்பத்திரி அட்டையும் இல்லை. ஈரல் கெட்டுப் படுத்தபோது, இந்த நோய் வேலையால் வந்ததுதான் என்று ராணுவ மெடிக்கல் போர்டு எழுதினால் மட்டுமே அங்கே வைத்தியம் என்றார்கள். போர்டில் இருந்த டாக்டர் உங்களிடம் குடிப்பீர்களா என்று ஐந்து தரம் கேட்டார். ஐந்து தரமும் இல்லை என்றீர்கள். ஆறாவது தரம் என்னைப் பார்த்துக் கேட்டார். கடைசியில், பணியோடு தொடர்பில்லை என்று ஒற்றை வரி எழுதினார்கள். அந்த வரியை முன்னமே எழுதி வைத்திருந்தார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்பீல் போட வழி இருந்தது. குழியடியில் கூட நின்ற ஒரு ஆள் எழுதிக் கொடுத்தால் போதும். நீங்கள் கரிவலத்துக்குப் போனீர்கள். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அது சரிப்பட்டு வராது, விடு மக்கா" என்றீர்கள். அவர் எழுதித் தர மாட்டேன் என்றுவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். நீங்களும் இல்லை என்று சொல்லவில்லை. எட்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தீர்கள்.

அப்படிப்பட்ட ஆள் இப்போது வந்து நிற்கிறார். நிற்பதோடு விட்டாரா? படியிறங்கும்போது திரும்பி, "அன்னைக்கு நான் எழுதிக் குடுத்தது அதுல இருக்கும் தாயி, பாரு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய்யைக்கூட எவ்வளவு நிதானமாகச் சொல்லுகிறார் என்று நினைத்தேன்.

பொய் என்று நிரூபிப்பதற்காகவே அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஃபைலைப் பிரித்தேன். ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். இல்லை. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூடப்போனபோது, உங்கள் பட்டாள டிஸ்சார்ஜ் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறை கனமாக இருந்தது. உள்ளே நான்காக மடித்த தாள். நீங்கள் கரிவலம் போன அதே நாளின் தேதி.

எல்லாம் எழுதியிருக்கிறார் அப்பா. குழி, புகை, கைலேஞ்சி, உங்கள் மஞ்சள் கை. அதோடு, 'எனக்கும் அதே கோளாறு உண்டு, ரத்தம் குறைந்து இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறேன், செக்யூரிட்டி வேலைக்குச் சேரும்போது இதை மறைத்துத்தான் சேர்ந்தேன்' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

முதலில் அந்தக் கையெழுத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம். யாரோ பிறகு செருகி வைத்தது என்று நினைத்தேன். யார் செருகுவார்கள்? ஃபைல் என்னை விட்டு எங்கும் போனதில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நீட்டினேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தாளைப் பார்த்தாள், கையை நிறுத்தவில்லை.

"ஒனக்கு இப்பந்தான் கெடச்சுதா?"

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"அவரு கேட்ட ஒடனே எழுதிக் குடுத்துட்டாரு. ஒங்கப்பாதான் அனுப்பல. அது போச்சுன்னா அவரு வேல போயிரும்லா. ரெண்டு பொம்பளப் பிள்ளையள வச்சிருந்தாரு அப்ப."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொல்லதுக்கு என்ன? சொன்னா நீ மறுநாளே ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பிருப்ப. ஒனக்குத் தெரியப்படாதுன்னுதான ஒளிச்சு வச்சாரு."

அப்பா, ஊரில் எல்லாரையும் நான் சந்தேகப்பட்டேன். அந்த டாக்டரை, போர்டை, மாமாவை. நீங்களோ ஒரே ஒரு ஆளைத்தான் சந்தேகப்பட்டீர்கள். அது நான்.

எனக்கு வலித்தது. இப்போதும் வலிக்கிறது. உங்கள் உயிரைப் பற்றி முடிவெடுக்க நீங்கள் யார்? எனக்கும் அம்மாவுக்கும் அதில் பங்கு இல்லையா? அந்தத் தாள் போயிருந்தாலும் அவர்கள் மறுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் தூக்கம் வருகிறது. ஒருவேளை ஒத்துக்கொண்டிருந்தால்?

மறுநாள் கரிவலத்துக்குப் போனேன். மாமா கட்டிலில் படுத்திருந்தார். தாளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "சொன்னம்லா, இருக்கும்னு. இத அனுப்பியும் நம்பலையே பாவியள்" என்றார். அனுப்பவே இல்லை என்று அவருக்குத் தெரியாது அப்பா. வேலை இன்றைக்குப் போகும், நாளைக்குப் போகும் என்று பயந்துகொண்டே ரிட்டயர் ஆகும்வரை காவல் நின்றிருக்கிறார். நானும் அதைச் சொல்லாமலே வந்துவிட்டேன். சொல்ல வேண்டுமா? நீங்கள் இருந்தால் கேட்பேன்.

வருகிற திங்கட்கிழமை அவருக்குப் போர்டு. இந்தத் தாளோடும் உங்கள் ஃபைலோடும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். எல்லாவற்றுக்கும் மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்தாயிற்று. ஒரிஜினலை யார் கேட்டாலும் கையில் கொடுக்க மாட்டேன், கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும். எத்தனை தரம் திருப்பி அனுப்பினாலும் அவரை ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் விட மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு வேலை போகும், அந்தப் பிள்ளைகள் கல்யாணம் நின்றுபோகும் என்று நன்றாகத் தெரிந்திருந்தாலும், அன்றைக்கு அந்தத் தாள் என் கையில் கிடைத்திருந்தால் அனுப்பியிருப்பேன். நீங்கள் என்னைச் சரியாகத்தான் சந்தேகப்பட்டீர்கள்.

உங்களிடம் பிடிபட்டுப்போன,
உங்கள் மூத்த மகள்
சங்கரன்கோவில்