ஞாயிற்றுக்கிழமைப் புருஷன்

மார்ச் 9, திங்கள்

ஊருக்கெல்லாம் அன்புத் தங்கையும் எனக்கு மட்டும் மனைவியுமான உனக்கு,

இங்கு நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. காலையில் சோம்பல் முறித்ததிலிருந்து ராத்திரி முகத்துக்கு கிரீம் பூசியது வரை நேற்று நானே படம் பிடித்ததுதானே.

இந்தக் காலத்தில் எவன் காகிதத்தில் எழுதுவான் என்று சிரிப்பாய். சிரி. உன் போன் உன் கையில் இருந்தால் நான் ஏன் பேனாவைத் தேடப்போகிறேன்? போன மழைக்காலத்தில் நான் வெளியூரில் இருந்தபோது குட்டிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, "ஜுரம் எறங்குச்சா? ஏதாவது சாப்பிட்டாளா?" என்று உனக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: "உங்க அன்புக்கு ரொம்ப நன்றி செல்லம்! தொடர்ந்து ஆதரவு கொடுங்க!" கூடவே மூன்று சிவப்பு இதயம். போட்டது உன் தம்பி. ரசிகர்களுக்குப் பதில் போடுகிற வேலை அவனுடையது. வந்தவன் ரசிகனா, அக்கா புருஷனா என்று பார்க்கிற வேலை யாருடையதும் இல்லை போலிருக்கிறது. அன்றைக்கு எடுத்த முடிவுதான் டயர்க் கடை மாடியில் இருக்கும் இந்த ஒற்றை அறை.

வெளியே வந்தும் என்ன கிழித்தேன்? ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஏழு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்கு வந்து, உன் சேனலுக்கு ஒரு வாரத்துக்கான சந்தோஷத்தை ஒரே நாளில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன். திங்கள் சட்டையில் உனக்குக் காபி நீட்டினேன். புதன் சட்டையில் உன் புடவை மடிப்பைச் சரிசெய்தேன். வியாழன் சட்டையில் ஊடல், வெள்ளி சட்டையில் சமாதானம். கேமராவை நிறுத்தியதும் நீ அந்த மூலை, நான் இந்த மூலை. அந்தக் காபிகூட ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. "என் வீட்டுக்காரர் கையால குடிச்சாத்தான் எனக்குப் பொழுதே விடியும்" என்றாய் பார், தூ! எப்படித்தான் வாய் கூசாமல் வருகிறதோ.

பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்றவன் என்று உன் தம்பி சொல்லிக்கொண்டு திரிகிறானாம். எங்கே உட்கார விட்டீர்கள்? கேமரா பிடித்தேன், லைட் பிடித்தேன். உன் முடி பறக்க வேண்டும் என்று தரையில் படுத்துக்கொண்டு ஃபேனைத் தூக்கிப் பிடித்தேன். விலைச்சீட்டை உள்ளே மடித்து நீ ஒருநாள் உடுத்திய துணிகளை வியர்வை வாடை போக வெயிலில் காயவைத்து, கடையில் திருப்பிக் கொடுத்து அசிங்கப்பட்டேன். எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தாற்போல், சண்டை நடந்தால்தான் கூட்டம் வரும் என்று 'உண்மை விளம்பி' என்ற கள்ளப் பெயரில் வீடியோவுக்கு அடியில் வந்து என் பெண்டாட்டியை நானே திட்டினேன். பிறகு வேறொரு பெயரில் வந்து, "ஒரு பெண்ணை இப்படிப் பேசலாமா?" என்று என்னையே அதட்டினேன். எவனுக்குக் கிடைக்கும் இப்படியொரு உத்தியோகம்!

அதெல்லாம் தொலையட்டும். குட்டியின் பல் விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. பள்ளிக்கூடத்தில் விழுந்த பல்லைப் பத்திரமாக எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை சூயிங்கம்மால் திரும்ப ஒட்டி, "முதல் பல் விழுந்த தருணம்" என்று பிடுங்கினீர்களே! உன் தம்பி வீடியோக்களை வரிசை மாற்றிப் போட்டதில் திங்கட்கிழமை பல் இல்லை, புதன்கிழமை இருக்கிறது, சனிக்கிழமை மறுபடி இல்லை. ஊரே கைகொட்டிச் சிரித்தது. வெட்கப்படுவாய் என்று பார்த்தால், அந்தச் சிரிப்பைக் காட்டியே பற்பசைக் கம்பெனிக்காரனை வளைத்துப் போட்டுவிட்டாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏப்ரல் பதினெட்டிலிருந்து குட்டிக்குப் பள்ளி விடுமுறை. விடுமுறை முழுக்க அவளை என்னிடம் விட்டுவை. கேமரா இல்லாமல் நாலு வாரம் குழந்தையாக இருக்கட்டும்.

உன் வாராந்திரப் புருஷன்

*

மார்ச் 13, வெள்ளி

மதிப்புக்குரிய உண்மை விளம்பி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. புருவம் தீட்டிக்கொண்டே படித்தேன். கோணிப்போனதுதான் மிச்சம்.

நீங்கள் செய்த வேலைகளைப் பெரிய பட்டியலாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் ஒன்றை மட்டும்தான் முழு மனதோடு செய்தீர்கள், என்னைத் திட்டுகிற வேலையை. அதற்கு மட்டும் நான் நினைவுபடுத்த வேண்டியிருந்ததே இல்லை. வாய்க்கு வாய் புதுப்புது வசவாக வந்து விழுந்தது.

என் வேலையையும் கேளுங்கள். பேசுவதை எழுதுவது நான், பேசுவது நான். அரிக்கிற கிரீமைப் பூசிக்கொண்டு பட்டுப்போல் இருக்கிறது என்று சிரிப்பது நான். கம்பெனிக்காரன் "மேடம், இன்னும் கொஞ்சம் சந்தோஷமா" என்று பல்லைக் காட்டினால் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாவதும் நான். கேமராவுக்குத் தெரிகிற மூலையைக் கண்ணாடியாகத் துடைத்துவிட்டு, தெரியாத பக்கம் மலையாகக் கிடக்கும் துணிமேல் படுத்துத் தூங்குவதும் நானேதான். கண்ட பொறுக்கிகள் அனுப்புகிற ஆபாசத்தைத் தம்பி கண்ணில் படுவதற்குள் நானே படித்து, நானே அழிக்கிறேன். ராத்திரியானால் கன்னம் இரண்டும் வலிக்கிறது. சிரித்துச் சிரித்து வலிக்கிறது, அழுது இல்லை. ஃபேன் தூக்கிய கைக்கு இவ்வளவு அங்கலாய்ப்பு!

முதலாளி மூஞ்சி பிடிக்கவில்லை என்று வேலையை உதறிவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்களே, அப்போது இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது என் மூஞ்சியால். அது உங்களுக்குக் கேவலம். இப்போது மெத்தைக் கடையில் நின்றுகொண்டு, "சார், படுத்துப் பாருங்க, சொர்க்கம் சார்" என்கிறீர்களே, அது மட்டும் சத்திய வாக்கா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பல் கதைக்கு வருகிறேன். சூயிங்கம்மை மென்று கொடுத்தது யார்? "இந்தப் பக்கம் நிழல் அடிக்குது, கொஞ்சம் திரும்புடா தங்கம்" என்று லைட்டைத் தூக்கியது யார்? நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

குட்டிக்கு இதெல்லாம் பிடித்திருக்கிறது. ரசிகர்களுக்கு அனுப்புகிற படங்களில் அவளே கையெழுத்துப் போடுகிறாள். ஆனா ஆவன்னாவில் தடுமாறுகிறாள் என்று டீச்சர் குறை சொல்கிறாள், ஆனால் கையெழுத்து மட்டும் அச்சாக விழுகிறது. நீங்கள் பார்க்கத்தான் போகிறீர்கள்.

வரும் 22-ஆம் தேதி நம் கல்யாண நாள். நகைக்கடைக்காரர்களுக்காக எடுக்கிறோம். நீங்கள் மண்டியிட்டு மோதிரம் போட வேண்டும். நீலச் சட்டை, முகச்சவரம். நகத்தில் மெத்தைக் கடைத் தூசி இருக்கக் கூடாது. விடுமுறை விஷயத்தைப் பிறகு பார்க்கலாம்.

மூஞ்சியை விற்றுப் பிழைப்பவள்

*

மார்ச் 24, செவ்வாய்

அன்புள்ள குட்டியின் அம்மாவுக்கு,

மண்டியிட்டாயிற்று. மோதிரம் உன் விரலில் ஏறாமல் சோப்பு போட்டு ஏற்றியதை வெட்டிவிடச் சொல். "இந்த ஜென்மம் மட்டுமில்ல, ஏழு ஜென்மத்துக்கும் நீதான்" என்று எழுதிக் கொடுத்ததைப் பார்த்தே வாசித்தேன். ஐந்தாவது முறை எடுக்கும்போது, "இந்த ஒரு ஜென்மத்துக்கே மூச்சு முட்டுது" என்று வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

இன்று அதைப் பற்றி எழுதவில்லை. போன சனிக்கிழமை உன் தம்பி குட்டியை இங்கே கொண்டுவந்து விட்டுப் போனானே, அப்போது நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நான் மாடிப்படி உச்சியில் நின்றிருந்தேன். கீழேயிருந்து "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தூக்கப் போனேன். விடுவித்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். பொம்மையை ஏதாவது கீழே விட்டுவிட்டாளோ என்று நினைத்தேன். கீழ்ப்படியில் நின்று முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, மறுபடி "அப்பா!" என்று அதே மாதிரி கத்திக்கொண்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"ஏன்டா குட்டி, கீழ போயிட்டு வந்த?" என்று கேட்டேன்.

"மொதல்ல வந்தப்ப என் மூஞ்சி தெரிஞ்சிருக்காதுப்பா. முடி மறைச்சிருச்சு."

"யாருக்குடா தெரியணும்? இங்க கேமராவே இல்லையே."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்ப எதுக்குப்பா மேல நின்னுட்டு இருந்தீங்க?" என்றாள்.

அன்று பூராவும் எனக்கு வேலை ஓடவில்லை. உன்னைக் கேவலமாகப் பேசுவது எனக்குச் சுலபம். பழகின வேலை. ஆனால் இந்தக் கேள்விக்கு உன்னைத் திட்டியும் பதில் கிடைக்கவில்லை, என்னைத் திட்டியும் கிடைக்கவில்லை. உன்னைக் கெஞ்சுகிறேன். விடுமுறைக்கு அவளை என்னிடம் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நீ சொல்கிற இடத்தில் நின்று, சொல்கிற சட்டையில் இளிக்கிறேன். அவளை மட்டும் விட்டுவிடு. "சரி" என்று உன் கையால் ஒரு வார்த்தை எழுது, போதும்.

குட்டியின் அப்பா

*

ஏப்ரல் 1, புதன்

என்னங்க,

முட்டாள்கள் தினத்தில் எழுதுகிறேன் என்று கிண்டல் செய்யாதீர்கள். இன்றுதான் நேரம் ஒழிந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "நல்லா கதை கட்டுறாரு, இந்தத் திறமையை முன்னாடியே காட்டியிருந்தா ஸ்கிரிப்ட் எழுத நான் கண்முழிச்சிருக்க வேண்டாமே" என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தேன். மறுநாள் பள்ளிக்கூட வாசலுக்கு நானே போனேன். போனை வண்டியிலேயே வைத்துவிட்டேன். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள், கட்டிக்கொண்டாள். பிறகு மறுபடி ஓடி வருவதற்காகத் திரும்பிப் பள்ளி கேட்டுக்கே போனாள். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

உடனே ஜெயித்துவிட்டதாக மீசையை முறுக்க வேண்டாம். உங்கள் மேல் எனக்கு இருக்கிற இளக்காரம் எள்ளளவும் குறையவில்லை. ஆனால் விடுமுறைக்கு அனுப்பலாம் என்றுதான் தோன்றுகிறது. பற்பசைக்காரர்களிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன். அவர்களுக்குக் குட்டி தேவைப்படுகிறாள்.

என்றைக்கு, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று எழுதுங்கள். பகலில் நான் வீட்டில் இருப்பதில்லை, அதனால் ரசிகர் கடிதங்கள் வருகிற ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்புங்கள். நானே பிரித்துப் படிப்பேன்.

குட்டியின் அம்மா

*

ஏப்ரல் 6, திங்கள்

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் மெத்தை விற்கிறேன். வழக்கத்தைவிட நன்றாகவே பேசுகிறேனாம், முதலாளி சொன்னார்.

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டு வாசலில் இருப்பேன். உள்ளே வரமாட்டேன், நீ மெனக்கெட வேண்டாம். பழைய துணிகளாகக் கொடுத்துவிடு, மண்ணில் புரளட்டும். குட்டிக்கு ஒரு சின்ன மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறேன். ஜன்னல் பக்கம் அவளுக்கு, கதவுப் பக்கம் எனக்கு. கீழே டயர்க் கடைக்காரர் ஒரு பழைய டயரைக் கயிற்றில் கட்டி ஊஞ்சல் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பற்பசைக்காரர்கள் என்ன சொன்னார்கள்? எதுவானாலும் எழுது. வசவானாலும் பரவாயில்லை, உன் கையெழுத்தில் இருக்கட்டும்.

உன் கணவன்

*

ஏப்ரல் 13

அன்பான ரசிகச் செல்லத்துக்கு,

உங்கள் அழகான கடிதம் கிடைத்தது! அதைப் படித்து எங்கள் கண்கள் கலங்கிவிட்டன. உங்களைப் போன்றவர்களின் அன்புதான் எங்கள் குடும்பத்தின் பலம். விடுமுறையில் குட்டியின் புத்தம்புதிய நிகழ்ச்சி பற்பசை நிறுவனத்தாருடன் இணைந்து தினமும் வெளியாகிறது. பார்க்கத் தவறாதீர்கள்!

உங்களுக்காகக் குட்டி கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்றை இத்துடன் அனுப்பியுள்ளோம். தொடர்ந்து ஆதரவு கொடுங்கள்.

நிறைய அன்புடன்,
அம்மா, அப்பா, குட்டி

*

ஏப்ரல் 16, வியாழன்

அம்மையீர்,

அச்சடித்த பதில் கிடைத்தது. கண்கள் கலங்கியது குறித்து மகிழ்ச்சி. அதன் அடியில் 'அப்பா' என்று போட்டிருந்தது. நான் எனக்கே அன்போடு எழுதிக்கொண்ட முதல் கடிதம் இதுதான்.

பிரித்துப் படிக்கவே இல்லையா, படித்துவிட்டுத்தான் தம்பியிடம் தள்ளிவிட்டாயா என்று இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டேன். எதுவாயிருந்தால் என்ன? பற்பசைக்காரன் சொன்ன பதில்தான் பதில் என்று புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன். ஏழு சட்டையையும் உன் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். உன் தம்பிக்கு அளவு சரியாக இருக்கும்.

படத்தை வீச மனசு வரவில்லை. என் பிள்ளை முகமாயிற்றே. அந்தச் சின்ன மெத்தைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். நீ சொன்னது சரிதான், கையெழுத்து அச்சாக விழுகிறது.

இனி நான் எழுதமாட்டேன். குடும்ப நீதிமன்றம் மூலமாக என் வக்கீல் எழுதுவார். அவருக்கும் இதே பதிலைப் போடச் சொல் உன் தம்பியிடம். மறக்காமல் ஒரு படமும் வைக்கச் சொல்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்