நீ அளந்துவிட்டுப் போன வீடு

இன்று காலை உன் கையெழுத்தைப் பார்த்தேன். வீட்டைச் சூடாக்கவும் குளிராக்கவும் வைத்த ஹீற் பம்ப்பின் உத்தரவாதப் பத்திரத்தைத் தேடிக் குசினி லாச்சியைக் கிளறியபோது, கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றை ஒன்று அடியில் கிடந்தது. எங்கள் வீட்டின் ஒவ்வோர் அறைக்கும் நீளம், அகலம், எத்தனை யன்னல், எந்தத் திசை. மகளின் அறைக்கு நேரே, "வடக்கு. பிள்ளைக்குக் குளிரும்" என்று எழுதியிருந்தாய்.

இயந்திரத்தைப் பார்க்க வந்தவர் நிலவறையில் நின்றார். அதைப் பொருத்தி இது இரண்டாவது கோடை. ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. வீடு குளிர்கிறதே தவிரப் புழுக்கம் போவதில்லை. தேவைக்கு மிஞ்சிப் பெரிதாகப் போட்டுவிட்டார்கள், மாற்றத்தான் வேண்டும் என்றார். பத்திரத்தோடு உன் ஒற்றையையும் கொண்டுபோயிருந்தேன். எழுத்து விளங்காவிட்டாலும் இலக்கங்களை மேலிருந்து கீழே பார்த்து, கடைசியில் நீ வட்டமிட்டிருந்த இயந்திர அளவில் விரலை வைத்தார். இதுதான் சரி, யார் கணக்குப் பார்த்தது என்று கேட்டார். என் சிநேகிதன் என்றேன். அவரைக்கொண்டே செய்வித்திருக்கலாமே என்று பிரெஞ்சில் சாதாரணமாகச் சொன்னார். எனக்குப் பிரெஞ்சு விளங்காததுபோல நின்றேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் ஒரே அறையில் இருந்தபோது, இருவருக்கும் ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிற வேலை. வேலை முடிந்து வந்ததும் நான் படுத்துவிடுவேன். நீ பிரெஞ்சுப் புத்தகத்தை விரிப்பாய். "இந்த ஊரில குளிர் இருக்கிற வரைக்கும் எனக்கு வேலை இருக்கும், மச்சான்" என்பாய். தொழிற்பள்ளிக்குப் போய், வீடுகளுக்குச் சூடாக்கும் இயந்திரம் பொருத்த லைசன்ஸ் எடுத்தாய். எங்கள் தேவாலயப் பங்கில் எத்தனையோ வீடுகளைச் சூடாக்கியவன் நீ.

அதனால்தான் எங்கள் பழைய எண்ணெய் ஃபேர்னஸ் நின்றுபோனபோது உன்னைத் தவிர வேறு யாரையும் நினைக்கவில்லை. நீ வந்து அரைநாள் அளந்தாய். கட்டிலின் தலைமாடு எந்தப் பக்கம் என்று மகளிடம் கேட்டாய். அவள் பிரெஞ்சில் சொன்னாள், நீயும் பிரெஞ்சிலேயே பகிடி விட்டாய். ஆனால் அந்த வசந்தத்தில் உனக்கு வந்த சின்னப் பக்கவாதம் இடக்கையை முழுதாக விட்டுப் போயிருக்கவில்லை. அளவுநாடா இரண்டு தரம் உன் கையிலிருந்து நழுவியது. நானும் மனைவியும் பார்த்தும் பாராததுபோல இருந்தோம்.

நீ போன பிறகு மனைவி, "அவரை ஏணியில ஏத்தேலாது" என்றாள். ஓம் என்றேன். அதை உன்னிடம் சொல்வதுதான் முறை. நான் வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒருவர் வீட்டைத் தெருவில் நின்று பார்த்துவிட்டே அளவு சொன்னார்; பத்து வருட உத்தரவாதம், இரண்டு நாளில் வேலை முடியும் என்றார். அவருக்குக் கையெழுத்து வைத்தேன். உனக்கு ஃபோனில், வசந்தம்வரைக்கும் தள்ளிவைத்திருக்கிறோம் என்று பொய் சொன்னேன்.

அவர்கள் வேலை தொடங்கிய சனிக்கிழமை நீ ஏன் வந்தாய் என்று இன்றுவரை தெரியாது. வாசலில் வேலைச் சாமான் ஏற்றிய அவர்களுடைய வான் நின்றது. நீ நிலவறைக்கு இறங்கி, வேலை செய்தவர்களுக்கு பொன்ஜூர் சொல்லி, குழாய்களைக் கொஞ்சநேரம் பார்த்தாய்.

"வடிவாத்தான் செய்யினம்" என்றாய்.

"உன்ர கை..." என்று தொடங்கினேன். முடிக்க வரவில்லை.

நீ உன் கையைக் குனிந்து பார்த்தாய். பிறகு அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாய். "எனக்குச் சொல்லியிருக்கலாம், மச்சான்" என்றாய். தேத்தண்ணி குடிக்கச் சொன்னோம். பேந்து வாறன் என்று போய்விட்டாய்.

வரவில்லை. பூசை முடிந்து கண்டால் சிரிப்பாய், பிள்ளையைச் சுகம் கேட்பாய், அவ்வளவுதான். கிறிஸ்மசுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்வதென்று இருந்தேன். அன்று பனி கொட்டியது, அதையே சாட்டாக்கிக்கொண்டேன். பெப்ரவரியில் உன் மனைவி ஃபோன் எடுத்தா. இரண்டாவது தரம் வந்த பக்கவாதம் உன்னை ஆஸ்பத்திரிவரைகூடப் போகவிடவில்லை.

இப்போது திரும்பவும் ஆள் தேடவேண்டும். இன்று பின்னேரம், உன்னோடு வேலை செய்த, நீ அடிக்கடி சொல்லும் மன்னார்க்காரருக்கு ஃபோன் எடுத்தேன். என் பெயரைச் சொன்னதும் தெருப் பெயரை அவரே சொன்னார்.

"அண்ணை, உங்கட வீடு எனக்குத் தெரியும்" என்றார். "அவர் அப்பவே என்னை ரெண்டு நாள் லீவு போடச் சொன்னவர். தான் ஏணியில ஏறமாட்டன், பக்கத்தில நிண்டு பாப்பன், என்ர சிநேகிதன்ர வீடு எண்டவர். பேந்து வேண்டாம் எண்டிட்டார். ஏன் எண்டு எத்தினை தரம் கேட்டும் சொல்லேல்ல."

உன் கையைப் பற்றி எங்களுக்கு முன்னமே நீ யோசித்து, அதற்கு ஒழுங்கும் செய்து வைத்திருந்தாய். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அதற்கும் மேலாக, நான் செய்ததை நீ ஒருவருக்கும் சொல்லவில்லை.

நீ ஏன் வேண்டாம் என்றாய் என்று மன்னார்க்காரருக்குச் சொன்னேன். பயத்தை, பொய்யை, வாசலில் நின்ற வானை, முடிக்காமல் விட்ட அந்தச் சொல்லை, ஒன்றும் மறைக்காமல். உன்னிடம் சொல்லவேண்டியதை முகமறியாத ஒருவரிடம் சொல்லி முடித்தேன், மச்சான். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, செவ்வாய்க்கிழமை வாறன் என்றார்.