மல்லாந்து நீந்தியவளுக்கு

இன்று காலை மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியைக் கழுவ வந்தவர் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டினார். வாடை படியிறங்கி அடுப்படி வரை வந்தது. எவ்வளவு சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் உன் கூந்தலை விட்டுப் போகாத வாடை. நீ போய்விட்டாய் என்பதே ஒரு நிமிடம் எனக்கு மறந்துபோனது.

நான் மளிகைக் கடைக்காரர் மகள், நீச்சலைக் கற்றுக்கொண்டவள். உனக்கு அது நடை மாதிரி. முதுகைத் தண்ணீரில் போட்டு, கரையைப் பார்த்துக்கொண்டே கடலுக்குள் போவாய். இம்மியும் கோணாது. எப்படி என்று கேட்டால், “கணியம் பாக்கேன்ளா” என்பாய். முத்துக் குளிக்கப் போகும் உன் அப்பா சொல்லித் தந்த வழி. கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் தெரியும்வரை நம் போக்கும் நேர். உனக்குக் கோயில் சிலுவையும் அதன் முன்னால் நின்ற கொடிமரமும்.

நம் ஊர்ப் போட்டிகளெல்லாம் திறந்தவெளிக் குளங்களில். இரண்டு தலைப்பிலும் ஒரு மரமோ கம்பமோ உனக்குக் கிடைத்துவிடும். அதை வைத்தே மாநிலத்தில் ஜெயித்தாய், நாட்டிலும் ஜெயித்தாய்.

முதல் வெளிநாட்டுப் போட்டிக்கு, ரிலேயில் மாற்று ஆளாக நானும் வந்தேன். அங்கே குளத்துக்கு மேலே கூரை, வெள்ளைவெளேரென்று; கணியம் பார்க்க ஒரு மரமில்லை, கம்பமில்லை. தகுதிச் சுற்றில் இரண்டு தடவை, தடம் பிரிக்கும் கயிற்றில் போய் மோதினாய். கடைசி ஆளாகத்தான் இறுதிச் சுற்றுக்குத் தொத்திக்கொண்டாய். “கயித்தைக் கட்டிக்கவா இவ்வளவு தூரம் வந்தே?” என்றார் பயிற்சியாளர். மறுநாளும் இப்படியே நீந்தினால் அணியில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டார். அந்த ஆளைத் தண்ணீரில் தள்ளிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

நீ கோபப்படவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாய். “ஏளா, என் கால்மாட்டுல வந்து நில்லு. அது உன் தலைக்கு மேல தெரியணும். அது போதும்.”

“திரும்பி வாரப்போ?”

“அந்தப் பக்கம் ஓடு. அங்கனயும் ஒரு கடிகாரம் இருக்கு.”

மறுநாள், எதிர்ச் சுவருக்குப் பாதித் தூரம் நீ போகும்வரை நின்றேன். பிறகு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே ஓடினேன். யார் யார் காலையோ மிதித்தேன். அவர்கள் வைதது புரியாமல் போனது நல்லதுதான். நீ சுவரைத் தொட்டுத் திரும்பியபோது நான் அங்கே மூச்சு வாங்க நின்றிருந்தேன். கயிறு உன்மேல் படவேயில்லை. மூன்றாவதாக வந்தாய். உன்னைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

அதன்பிறகு போன ஊரிலெல்லாம் எனக்கு இதே வேலை. நீந்தியதைவிட ஓடியதுதான் மிச்சம். ஓய்வுபெற்றபின் பேட்டி எடுக்க வந்தவர்களிடமெல்லாம் பதக்கங்களைக் காட்டி, “நாங்க ரெண்டு பேரும் சேந்து வாங்குனது” என்பாய். கூச்சமாக இருக்கும். பழக்கமில்லாத ஊரில், எதிரே வரும் சுவரைப் பார்க்காமல் முழு வேகத்தில் முதுகைக் கொடுத்துப் போனவள் நீ. அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்?

கடைசி வாரம் ஆசுபத்திரியில் மல்லாக்கப் படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் மகன் தலைமாட்டில் எனக்கு நாற்காலி போட்டான். நீ வேண்டாமென்று தலையசைத்தாய்.

“கால்மாட்டுல நில்லுளா.”

நின்றேன். உன் கண் என்னைப் பிடித்துக்கொண்டது. முகத்தில் இருந்த பயம் மெல்லப் போனது.

நீ நேராகத்தான் போயிருப்பாய். இந்தத் தடவை அந்தப் பக்கம் ஓடிவர எனக்குத்தான் வழி தெரியவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.