பதினாலாம் நம்பரும் ஆறு ரப்பர் விதைகளும்

செப். 8, திங்கள்

காலையில் மழை. மத்தியானம் மழை. இப்போது பெய்வது சும்மா, பழக்கதோஷம்.

காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கார் எங்கேயும் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. கண்ணாடி முழுக்க ஆவி. அதில் விரலால் ஒரு மீன் வரைந்தேன். மீனின் வயிற்று வழியாகப் பார்த்தால் ரப்பர் மரங்கள் நீந்துகின்றன.

கார் என்னைவிடப் பத்து வயது மூத்தது. ஜப்பான்காரி. வெள்ளை. மாமா டோஹாவுக்குப் போகும்போது அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா நாற்பத்தொரு வயதில் லைசன்ஸ் எடுத்தார். கீழ்ப்பிரிவுப் பாலர் பாடசாலை வேலைக்கு முதன்முதலாகக் காரில் போனபோது, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்களாம். எங்கள் தோட்டப் பிரிவில் கார் ஓட்டும் ஒரே பெண். அம்மா ஓட்டுவது கார். நான் ஓட்டுவது ஆட்களை.

இரண்டு மாதமாக ஓடவில்லை. இருமல், திணறல், ஏற்றத்தில் மயக்கம். டவுன் கராஜில் ஒவ்வொரு தடவையும் ஒரு புது வியாதி சொன்னார்கள். கடைசியாக, எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார்கள். அப்பா அன்றே காரைக் கொட்டகைக்குள் விடச் சொன்னவர்தான். அம்மாவுக்கு மறுபடியும் அட்டை கடிக்கும் குறுக்குப் பாதையில் நடை. ஆனால் கார்ச் சாவி மட்டும் இன்னும் அவர் கைப்பையில். தினமும் நடந்தே போய் நடந்தே வருகிறது, பாவம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மா ரொட்டி தட்டும்போது அப்பா சொன்னார்: “ஞாயித்துக்கிழம காலையில எஹலியகொடயிலயிருந்து ஒரு ஆளு கார் பாக்க வர்றாரு. குடுத்துட்டு, சல்லிய மச்சானுக்கே அனுப்பிருவோம்.”

ஒரு ரொட்டி கருகியது. அம்மா கையில் ரொட்டி கருகி நான் பார்த்ததே இல்லை.

“நான் ஓட வைக்கிறேன்பா” என்றேன். வாய்தான் சொன்னது. நான் யோசிக்கவில்லை.

“நீயா? நீ கை வெச்சா ஓடுறதும் நிக்குமே.”

“பிளக், பில்டர், ஒயில். மூணும் மாத்துனா போதும். போன்ல பாத்துட்டேன்.”

அப்பா சிரித்தார். பிறகு அம்மாவின் முதுகைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. “சரி பவி. அந்தாளு வந்தொடன பாக்டரி ஏத்தத்துல ஏத்திக் காட்டு. நிக்காம ஏறுச்சுன்னா இல்லன்னு சொல்லிடுறேன். கராஜ் பக்கம் போகக் கூடாது.”

அப்பாவுக்கு யாரிடமும் ‘இல்ல’ சொல்ல வராது. அதையும் குறித்து வைக்கிறேன்.

செப். 9, செவ்வாய்

தூறல். கணித வகுப்பில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டது:

வாங்க:
பிளக் ஸ்பேனர்
ஸ்குரூ டிரைவர் 2 (பிளஸ், மைனஸ்)
பிளையர்
பில்டர் கழற்றும் பட்டி
புனல்

இருக்கு:
ஜாக், வீல் கழற்றும் கம்பி (டிக்கியில்)
ஒயில் கேன், பில்டர், பிளக் நாலு (அப்பா முன்பே வாங்கியது)
பேசின் (அம்மாவுக்குத் தெரியாமல்)
ஸ்பேனர் – அப்பாவின் பெட்டி நிறைய

அப்பா தேயிலைப் பாக்டரியில் ஃபிட்டர். முப்பது வருஷம். அந்தப் பெட்டியில் இல்லாத ஸ்பேனர் உலகத்திலேயே இல்லை என்பது எங்கள் வீட்டு வேதம். ஆக, அப்பா தந்த ஒற்றை ஐயாயிரம் நோட்டு தாராளம்.

கணிதம் எடுக்கும் அபிராமி டீச்சர் பக்கத்துக் குவாட்டர்ஸ்தான். ஊர் பருத்தித்துறை. நோட்டைப் பார்த்துவிட்டார். “என்ன பிள்ளை, இது எந்தத் தேற்றம்?”

“ஒயில் தேற்றம் டீச்சர். ஒயில மாத்துனா கார் ஒயிலா ஓடும்.”

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். கடிக்காத டீச்சர். அதனால்தான் போன மாதம் அவர் ஸ்கூட்டரின் பின் கைப்பிடிக் குழாயில் ஆறு ரப்பர் விதை போட்டேன். குழாய் முனையில் ஒரு ரப்பர் மூடி. கழற்றி, போட்டு, மூடியாயிற்று. குழிகள் வரும்போதெல்லாம் கட கட கட. எங்கள் பாதையில் குழிகளுக்கு நடுவில்தான் பாதை. மூன்று வாரமாக டீச்சர் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓட்டுகிறார்.

செப். 10, புதன்

பள்ளிக்கூடம் விட்டதும் நிவித்திகல. ஹார்ட்வெயார் கடை. மாணிக்கக் கல் அகழ்பவர்களின் மண்வெட்டி வாசம், கயிற்று வாசம், கிரீஸ் வாசம். அப்படியே அங்கே படுத்துத் தூங்கலாம்.

முதலாளி ஒரு சிவப்புப் பெட்டியைத் திறந்து, இதைப் பார் தங்கச்சி என்றார் சிங்களத்தில். “நங்கி, மேக்க பலன்ன. நாப்பத்தாறு சாமான்!” உள்ளே வரிசை வரிசையாக, நட்டைக் கவ்வும் சொக்கட். நகைக்கடை மாதிரி. கைப்பிடியைத் திருப்பினால் கிர்ர்ர் கிர்ர்ர், தூரத்து வண்டு. கண்ணை மூடித் திருப்பினேன். ஒரு நீண்ட வெயில் ரோடு தெரிந்தது. அம்மா ஓட்டுகிறார். நான் பக்கத்தில். பின் சீட்டில் இந்தச் சிவப்புப் பெட்டி, பெல்ட் போட்டுக்கொண்டு.

கண்ணைத் திறந்து எண்ணினேன். நாப்பத்தாறில் பாதி, காரில் எங்குமே இல்லாத குட்டி நட்டுகளுக்கு. பெட்டியை வாங்கினால் நோட்டு காலி, பிளக் ஸ்பேனரும் இல்லை. பார்க்க அழகு, வேலைக்கு அரைகுறை. என்னைப் பற்றியும் ரிப்போர்ட்டில் இப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

லிஸ்டில் உள்ளதை மட்டும் எடுத்தேன். பிளையரைத் திறந்து மூடி வாய் நேராகச் சேருகிறதா என்று பார்த்தேன். ஸ்குரூ டிரைவர் முனையை முதலாளியின் பழைய பூட்டில் தேய்த்துப் பார்த்தேன், மழுங்கவில்லை. முதலாளி ஒரு சொக்கட்டைத் தனியாக நீட்டினார், காருக்கு வேண்டும், இதையும் எடு என்று. “தாஹதரத் கன்ன நங்கி. பதினாலு. காருக்கு ஓனே.”

“எங்கப்பா ஃபிட்டர், முதலாளி. எல்லாம் இருக்கு.”

தோளைக் குலுக்கினார்.

அந்தக் காசில் நெற்றியில் கட்டும் லைட் வாங்கினேன். வெள்ளையும் எரியும், சிவப்பும் சிமிட்டும். வேலைக்குத்தான். சிவப்பு எதற்கு என்று இங்கேகூட எழுத மாட்டேன்.

செப். 11, வியாழன்

பிளக் நாலும் மாற்றியாயிற்று! பழையது கரிக்கட்டை. கையில் நாலு இடத்தில் தோல் போயிற்று.

பிறகு பின் சீட்டில் படுத்தேன். தகரத்தில் மழை. டீச்சர் ஒரு தடவை சொன்னார், அவர் வீட்டில் படுத்தால் கடல் கேட்குமாம். மழைக்கும் கடலுக்கும் சத்தத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். “கடல் மூச்சு எடுக்கும் பிள்ளை. இஞ்சத்தை மழை மூச்சே எடுக்காது.” நான் மூச்சைப் பிடித்துக் கேட்டுப் பார்த்தேன். உண்மை. ஒரே மூச்சு மழை.

எம்பிலிப்பிட்டிய தாண்டினால் வெயில். அதையும் தாண்டினால் கடல். அம்மா ஓட்டினால் அரை நாள் போதும். மூழ்கிய கப்பலுக்குள் படுத்திருக்கும் மீன் மாதிரி அப்படியே தூங்கிவிட்டேன்.

செப். 12, வெள்ளி

வெயில், இருபது நிமிடம்.

டீச்சர் முற்றத்தில் ஸ்கூட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஹவுஸ்கோட், தலையில் துவாய், கையில் டி எழுத்து மாதிரி நீளக் கம்பி ஸ்பேனர். எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு என்று நாலு. புதுசு. இருக்கிற நட்டையெல்லாம் இறுக்கிவிட்டாராம், இன்னும் கட கட நிற்கவில்லையாம். நான் வேலியில் நின்று, “காத்து அடைச்சிருக்கும் டீச்சர்” என்றேன். சிரிப்பை அடக்கி அடக்கி விக்கல் வந்துவிட்டது.

அம்மா இன்று கணுக்காலில் மூன்று அட்டைக் கடியோடு வந்தார். உப்பு வைத்தார். விக்கல் நின்றது.

செப். 13, சனி

எழுதவே கை வரவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

அப்பா பாக்டரியில். முன் டயர் இரண்டையும் பலகை மேல் ஏற்றி, பின் டயருக்குக் கல் வைத்துவிட்டுத்தான் போனார். ஜாக்கை நம்பி அடியில் படுக்கக் கூடாது என்பது அப்பாவின் ஒரே சட்டம். இரண்டு மணிக்குக் கொழுந்துச் சாக்கை விரித்து அடியில் புகுந்தேன். நெற்றியில் லைட். காரின் வயிறு இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒயில் இறக்கும் நட் ஒன்றுதான். அப்பாவின் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒன்று கிட்டத்தட்ட. கொஞ்சம் ஆடியது, விழப்போகும் பால் பல் மாதிரி. இரண்டு கையாலும் தள்ளினேன்.

சடக்.

நட் திரும்பவில்லை. ஸ்பேனர் மட்டும் திரும்பியது. லைட்டில் பார்த்தேன். ஆறு மூலையில் இரண்டு வழுவழு. இன்னும் ஒரு தடவை தள்ளினால் முழு வட்டம். பிறகு கராஜ்தான். கராஜ் என்றால் விற்பனைதான்.

அசையாமல் படுத்திருந்தேன். எவ்வளவு நேரம் தெரியாது.

நாலு மணிக்கு அப்பா வந்தார். குனிந்து பார்த்தார். ஏசவில்லை. ஸ்பேனரை வாங்கிச் சட்டையில் துடைத்து, அதில் இருந்த எண்ணைப் படித்தார்.

“இது இஞ்சு, பவி.”

“அப்டின்னா?”

“நம்ம பாக்டரி மெசினெல்லாம் வெள்ளக்காரன் போட்டது. எல்லாம் இஞ்சுக் கணக்கு. இது ஜப்பான் வண்டி, மில்லிமீட்டர்.” பெட்டியைக் கிளறினார். கிளறிக்கொண்டே இருந்தார். “முப்பது வருசம். இதுல ஒன்னு கூட... எனக்கே தோணலயே புள்ள.”

அப்பா அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. நட்டைவிட அதுதான் வலித்தது.

பதினாலு வேண்டும். நன்றாகக் கவ்வும் சொக்கட் மாதிரி ஒரு பதினாலு. கடைக்குப் போகும் பஸ் போய்விட்டது. விடிந்தால் அந்த ஆள் வந்துவிடுவார். அப்போதுதான் நினைவு வந்தது, பக்கத்து முற்றத்து டி ஸ்பேனர்.

டீச்சர் கேட்டவுடனே எடுத்து வந்தார். “கொண்டு போம் பிள்ளை. இந்தச் சத்தம் இல்லாட்டி நான் இதெல்லாம் ஏன் வாங்கப்போறன்? திங்கக்கிழமை ரத்தினபுரிக்குக் கொண்டுபோய் முழுக்கக் கழட்டச் சொல்லப்போறன். எஞ்சின் பிழையா இருக்கும் எண்டு சொல்லுறாங்கள்.”

ஸ்பேனர் என் கையில். திரும்பி நடந்தால் போதும். நாலு எட்டு நடக்கவும் நடந்தேன். ‘எஞ்சின் பிழை’ என்ற சொல் கூடவே வந்தது. அதே கராஜ்ப் பாட்டு. அம்மாவை நடக்க வைத்த பாட்டு.

திரும்பிப் போய் ஸ்பேனரை நீட்டினேன். “டீச்சர், அது எஞ்சின் இல்ல. நான்.”

சொன்னேன். டீச்சர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மழை மட்டும் மூச்சு எடுக்காமல்.

“எத்தினை விதை?”

“ஆறு.”

“ஆறையும் எடுத்து என்ர கையில வையும். பிறகு பதினாலைக் கொண்டு போம்.”

மூடியைக் கழற்றி, ஸ்கூட்டரைச் சாய்த்து, உலுக்கி, தட்டி, கெஞ்சி. ஆறும் வந்தன. டீச்சர் ஒவ்வொன்றாக எண்ணி ஹவுஸ்கோட் பையில் போட்டுக்கொண்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினாலு நட்டுக்குள் போய் உட்கார்ந்தது. ஆடவே இல்லை. அப்பா கையை என் கை மேல் வைத்தார். இருவரும் சேர்ந்து, மெதுவாக. ஒரு முனகல். திரும்பியது! கறுப்பு ஒயில் பட்டு நூல் மாதிரி இறங்கியது. பேசினுக்குள் என் லைட் ஒரு சின்ன நிலாவாக மிதந்தது. அம்மா வாசலில் நின்றார். “அது என் பேசினா?” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

பில்டர் போட்டு, புது ஒயில் ஊற்றினோம். அப்பா பெட்டியை மூடும்போது சொன்னார்: “அடுத்த தடவ எனக்கும் சேத்து மில்லிமீட்டர்ல வாங்கு.”

செப். 14, ஞாயிறு

பனி. ரப்பர் மரங்கள் இடுப்புக்கு மேல் இல்லை.

ஏழரைக்கு டீச்சர் ஸ்பேனர் வாங்க வந்தார். சிரித்துப் பேசினார். “ஒருக்கா இருந்து பாக்கட்டே?” என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தடவி, காற்று வரும் இடுக்கையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மன்னித்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒன்பதுக்கு எஹலியகொட ஆள். நல்ல மனுசன். கையில் பொன்னிற மணிக்கூடு. அம்மா கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். முதல் திருப்பிலேயே பிடித்தது. இருமல் இல்லை. அந்த ஆள் முன்னால், அப்பாவும் நானும் பின்னால்.

பாக்டரி ஏற்றம். முதல் வளைவு. இரண்டாவது. பைப்படியில் தண்ணீர் பிடித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மாவின் கழுத்து நிமிர்ந்திருந்தது. மேகத்துக்குள் ஏறினோம். ரோடே இல்லை, வெள்ளைதான். எனக்கு அந்தப் பக்கம் கடல் இருப்பதாகவே பட்டது. மூன்றாவது வளைவும் தாண்டி, பாக்டரி கேட். நிற்கவில்லை!

அந்த ஆளுக்குக் கார் பிடித்துப்போயிற்று. “ஹொந்தய், ஹொந்தய்” என்று டேஷ்போர்டைத் தட்டினார். அப்பாவைத் திரும்பிப் பார்த்து, இன்றே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அப்பா வாயைத் திறந்தார். “அது வந்து மாத்தயா...” மூடினார். மறுபடி திறந்தார். ‘இல்ல’ வரவில்லை. அப்பாவின் முழங்காலைக் கிள்ளினேன். வரவே இல்லை. அம்மா காரைத் திருப்பினார்.

இறக்கத்தில் முதல் குழி.

கட கட கட.

அந்த ஆள் தலையைச் சாய்த்தார். இரண்டாவது குழி. கட கட கட கட. அப்பா முகம் வெளுத்தது. எனக்குத் தெரிந்த சத்தம். நான் வளர்த்த சத்தம்.

கொட்டகை வருவதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார். “எஞ்ஜிம லெட வகே.” எஞ்சினுக்குச் சுகமில்லையாம். தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டார். அப்பா ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் டீச்சர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். “என்ன பிள்ளை, சத்தம் ஏதும் கேக்குதோ?”

சாயந்தரம் அப்பாவிடம் விதைக் கதையைச் சொன்னேன். ஐந்து நிமிடம் முறைத்தார். பிறகு கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஸ்குரூ டிரைவரை வைத்துக் காற்று இடுக்கைக் கழற்றி, பிளையரால் நாலு விதை எடுத்தேன். ஏற்றத்தில் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தவை, இறக்கத்தில் உருண்டிருக்கின்றன. இன்னும் இரண்டு உள்ளே எங்கேயோ. லைட்டைக் கட்டிக்கொண்டு தலையை நுழைத்தபோது அம்மா சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

“விடுடி, கெடக்கட்டும். சத்தம் போடுற கார யாரும் கேட்டு வரமாட்டாங்க.”