பழைய கிட்டாரும் புதிய சப்பாத்தும்

நான் வேலுப்பிள்ளை சதாசிவம், வயது ஐம்பது, பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் தலைமை ஆசிரியன். சென்ற ஆண்டு உமது மரண விசாரணையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் உண்மையே சொன்னேன். கேட்கப்படாத ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அதை முதலில் உமக்கு எழுதுவதே இம்மடலின் நோக்கம்.

இன்று பிற்பகல், மாரியம்மன் திருவிழா அறிவித்தலை எழுதுவதற்காகச் சென்ற ஆண்டின் பிரதியைத் தேடிப் பாடசாலை அலுமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில், செய்தித்தாளில் சுற்றியபடி, உமது வெள்ளைக் கன்வஸ் சப்பாத்துகள் இருந்தன. பிரித்ததும் புது ரப்பரின் வாடை எழுந்தது. இந்த மலையின் ஈரத்தில் துணியெல்லாம் பூசணம் பிடித்திருக்க, அந்த வாடை மட்டும் அப்படியே இருந்தது. ஒரே ஒரு நாள் அணிந்த சப்பாத்து.

தொழிற்சாலை இஞ்சினைப் பார்க்கும் வேலை உமக்கு. தோட்டத் துரைமார் கிளப்பில் விளக்கு எரியவில்லையென்று உம்மை அழைத்த மாலைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அங்கே யாரோ வாசித்த மின்சாரக் கிட்டாரைக் கேட்டுவிட்டு, நேரே என்னிடம் வந்தீர்.

"விரல வச்சா போதும் மாஸ்டர், அந்த மலை வரைக்கும் கேக்குது. நம்ம மரக் கிட்டாரு லயத்துல பக்கத்து வீட்டு காம்பராவுக்கே கேக்காது."

கொழும்புக் கடையொன்றுக்கு விலை கேட்டு நான்தான் உமக்காக எழுதினேன். பதில் வந்தது. புதிய கிட்டாரும் அதற்குரிய ஒலிபெருக்கிப் பெட்டியும் நல்ல நிறுவனத்தின் தயாரிப்பு, விலையும் அதற்கேற்றபடி. ஒரு தாளை நடுவில் கோடிட்டு, வாங்குவதற்குரிய காரணங்களை ஒருபுறமும் வாங்காமைக்குரிய காரணங்களை மறுபுறமும் எழுதி உம்மிடம் நீட்டினேன். கண்டியில் பழையவற்றைப் பிரித்துப் பழுது பார்த்து விற்கும் ஒருவர் இருப்பதை நான் அறிந்திருந்தேன். அவரிடம் மூன்றிலொரு பங்குக்குக் கிடைக்கும். "கம்பனிப் பேருக்குக் காசு குடுக்கிறது புத்தியில்லை" என்றேன். நீர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தீர்.

கண்டிக் கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்த உமது முகம் சுருங்கியது. "எர்த்து வயர வெட்டிட்டாங்களே மாஸ்டர்" என்றீர். "சத்தம் வருகுதுதானே?" என்று கேட்டேன். வந்தது. வாங்கினோம். மிஞ்சிய பணத்தில், அதே தெருவில், இந்தச் சப்பாத்துகளை வாங்கினீர். மேடையில் நிற்கப்போகும் மனிதருக்கு ஒரு புதிய பொருளாவது இருக்கவேண்டுமாம்.

அன்று முதல் அந்தப் பெட்டியின் மின்சாரம் உம்மைக் கடித்துக்கொண்டே இருந்தது. பாடசாலை விறாந்தையில், என் கண்முன்னே, கம்பியைத் தொட்டுக் கையை உதறினீர். "பழைய மாடு, ஒதைக்கத்தான் செய்யும். திருவிழா முடியட்டுங்க, வயரு போட்டுடுறேன்" என்று சிரித்தீர். நானும் சிரித்தேன்.

திருவிழாவன்று மூன்று மணிக்கு மழை பெய்து ஓய்ந்தது. கோயில் முற்றத்துச் சீமெந்துத் தரை நனைந்து பளபளத்தது, மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்து மின்கம்பியை நீரே இழுத்து வந்திருந்தீர். வாசலில் திருவிழாக் குழுச் செயலாளனாக நான் நின்றேன். என் தலைக்கு மேலே, என் கையெழுத்தில், பாதணிகளுடன் உட்செல்லலாகாது என்ற பலகை.

"மாஸ்டர், தர ஈரமா இருக்குங்க. அந்தப் பொட்டி வேற கடிக்குது. இந்த ரப்பர் சப்பாத்து இருந்தா ஒண்ணும் செய்யாது."

"கோயில் விதி எல்லாருக்கும் ஒண்டுதான். கழட்டும்."

"ஒரு பாட்டுக்கு மட்டுங்க."

"எழுதி ஒட்டினவன் நான். உமக்கெண்டு மாத்தேலாது."

நீர் கோபிக்கவில்லை. "சரிதான். அம்மாவுக்கு முன்னாடி நான் என்ன தொரையா?" என்று குனிந்து கழற்றினீர். ஈரம் படாமல் என் குடைக்குள் அவற்றை வைத்துவிட்டு, "பத்திரமா பாத்துக்குங்க, இதுவாச்சும் புதுசு" என்றீர். நீர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

பாட்டுத் தொடங்கியது. நீர் சொன்னது சரி: எதிர்மலை வரை கேட்டது. பிறகு, இடது கை கம்பிகளில் இருக்க, வலது கையால் மைக்கின் இரும்புத் தண்டைச் சரிசெய்யப் பிடித்தீர். விடவில்லை. ஆடுகிறீர் என்று எண்ணிச் சனங்கள் கைதட்டினார்கள். மின்கம்பியை எங்கே துண்டிப்பது என்று அறிந்தவர் அந்தக் கூட்டத்தில் நீர் ஒருவர்தான்.

தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிப் பலகைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. இரண்டைக் கொண்டுவந்து காலடியில் போட்டிருந்தால் விதியும் மீறப்பட்டிராது, நீரும் இருந்திருப்பீர். அது எனக்குத் தோன்றவில்லை. விதியைக் காப்பதிலேயே என் புத்தி முழுவதும் இருந்தது.

விசாரணையில் கிட்டார்ப் பெட்டியின் பழுதைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். உமக்கு அது தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்றேன். உமது கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். உம்முடைய சப்பாத்துகள் அப்போது என் அலுமாரியில் இருந்தன.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வேறொரு தீர்ப்பு. கிளப்பு வாத்தியத்தைக் கோயிலுக்குள் கொண்டுவந்ததால் அம்மன் தண்டித்தாள் என்றார்கள். உமது மனைவி செல்லம்மா ஒரு வருடமாகக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. சென்ற வாரம் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தருகே என்னை நிறுத்திக் கேட்டார்:

"அம்மன் குத்தம்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க படிச்சவங்க, பக்கத்துல நின்னவங்க. அவரு அப்படி என்ன பாவஞ் செஞ்சாரு மாஸ்டர்?"

"மழை வரப்போகுது, வீட்டை போங்கோ" என்றேன். ஐம்பது வயதில், ஒரு விதவைக்கு நான் கொடுத்த பதில் அது.

இனி உமது நினைவாக என்னிடம் உள்ளவை ஒரு சோடி சப்பாத்தும், குனிந்திருந்த உமது பிடரியின் காட்சியும்தான். சப்பாத்தை நான் திருப்பித் தரலாம். மற்றது என்னோடு வரும்.

நாளைக் காலை திருவிழாக் குழு கூடுகிறது. செல்லம்மாவையும் அங்கே வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன். மேசையின்மேல் இந்தச் சப்பாத்துகளை வைப்பேன். உமது உயிரைக் காக்கும் வழியை நீரே சொன்னீர், கழற்றச் சொன்னவன் நான் என்று, செல்லம்மாவின் முகத்தைப் பார்த்தே சொல்வேன். அங்கிருந்து நேரே விசாரணை அதிகாரியிடம் சென்று, அதையே எழுதிக் கையொப்பமிடுவேன்.